வரைதலின் வரலாற்றைக் கையால் படிப்பது எப்படி?

நெடுநல்வாடையில் ஓர் இடம். பாசறையில் இருக்கும் அரசனை நினைத்துக்கொண்டு, அணிகலன்களை எல்லாம் களைந்துவிட்டு, கட்டிலில் தூக்கமில்லாமல் கிடக்கிறாள் அரசி. அவள் 'புனையா ஓவியம்' போல இருந்தாள் என்கிறார் நக்கீரர். வண்ணம் தீட்டாமல் வடிவை மட்டும் கோட்டில் எழுதிய சித்திரம் என்று உரைகாரர் இதற்குப் பொருள் சொல்கிறார். கோடு மட்டும் போட்ட படத்துக்கு அந்தக் காலத்திலேயே தமிழில் தனிப் பெயர் இருந்திருக்கிறது. வண்ணம் ஏறிவிட்டால் கோடு அடியில் மறைந்துவிடும். மறைவதற்கு முன்னால் அதைப் பார்த்து ரசித்த ஒருவரால்தான் இப்படி ஓர் உவமையை எழுத முடியும்.

அந்தப் புனையா ஓவியத்தின் வரலாற்றைப் புதிதாகக் கற்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் தேடினால் ஆண்டுகள், பாணிகள், ஓவியர் பெயர்கள் என்று வரிசையாக வந்து விழும். படித்து முடித்த ஒரு வாரத்தில் பாதி மறந்துவிடும். எனக்கும் அப்படித்தான் மறந்தது. அப்புறம் வேறு வழியில் போனேன். ஒவ்வொரு காலத்திலும் மனிதர்கள் கையில் எதைப் பிடித்து வரைந்தார்களோ, அதையே நானும் பிடித்து வரைந்தேன். அந்தக் கோடு ஏன் அப்படி இருக்கிறது, நிழலை ஏன் அப்படிப் போட்டார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபட்டது. கரியால் முடிவது வெள்ளிக்கம்பியால் முடியாது. வெள்ளியால் முடிவது நாணல் பேனாவால் முடியாது. ஒரு காலத்தின் கோட்டைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அந்தக் காலத்தின் கருவிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

வரையத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். வான்கோ ஓவியனாவது என்று முடிவெடுத்தது 1880ல், 27 வயதில். அச்சிட்ட பயிற்சித் தாள்களைப் பார்த்துத் திரும்பத் திரும்ப நகலெடுத்துத்தான் அவர் தொடங்கினார்.

தொடங்கும் முன்

வீட்டில் இருக்கும் ஒரு பித்தளைச் செம்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியிலும், அந்தக் காலத்துப் படம் ஒன்றை நகலெடுத்த பிறகு, இதே செம்பை அதே கருவியால் வரையுங்கள். செம்பில் கழுத்து வளைவு இருக்கிறது, வயிற்றில் பளபளப்பு இருக்கிறது, வாயில் சாய்ந்த வட்டம் இருக்கிறது. ஒவ்வொரு கருவியும் இந்த மூன்றையும் வேறு வேறு விதமாகச் சமாளிக்கும்.

ஒரு படிக்கு ஒரு வாரம் போதும். நகலெடுக்க மூலப் படங்கள் வேண்டுமே என்றால், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் இரண்டும் ஏராளமான பழைய கோட்டோவியங்களைப் பெரிய அளவில் இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கின்றன. கோட்டின் தொடக்கமும் முடிவும் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கைபேசித் திரையில் முழுப்படமாகப் பார்த்து ஒன்றும் கற்க முடியாது.

முதல் படி: கரி

தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் ஒரு கல் சில்லு கிடைத்தது. அதன்மேல் காவிக்கல்லால் போட்ட 9 கோடுகள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு. வயது சுமார் 73,000 ஆண்டுகள். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் 45,000 ஆண்டுகளுக்கும் முந்தைய காட்டுப்பன்றி ஓவியம் இருக்கிறது. இவை எல்லாம் முக்கியம்தான். ஆனாலும் நீங்கள் தொடங்க வேண்டிய இடம் பிரான்ஸ் நாட்டின் ஷோவே குகை.

1994 டிசம்பரில் மூன்று குகை ஆர்வலர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அங்குள்ள பழைய படங்களுக்குச் சுமார் 36,000 வயது. அதில் குதிரைத் தலைகள் நான்கு அடுத்தடுத்து இருக்கும் சுவரின் படத்தைத் தேடிப் பாருங்கள். வரைந்தவர் முதலில் பாறையின் மேல்தோலைச் சுரண்டி வெள்ளையாக்கியிருக்கிறார். பிறகு தீயில் எரிந்த பைன் மரக் கரியால் கோடு போட்டிருக்கிறார். அப்புறம் விரலால் தேய்த்துக் கன்னத்துக்கும் தாடைக்கும் நிழல் கொடுத்திருக்கிறார். கடைசியில் சில இடங்களில் வெளிக்கோட்டை ஒட்டிப் பாறையை மறுபடி சுரண்டி, விளிம்பைத் துலக்கியிருக்கிறார். இன்றைக்குக் கலைக்கல்லூரி முதலாண்டில் கரிப் பயிற்சிக்குச் சொல்லித்தரும் எல்லாமே அந்தச் சுவரில் இருக்கிறது. ஆதிமனிதன் குழந்தைபோலக் கிறுக்கினான் என்று யாராவது சொன்னால் அந்தக் குதிரைகளைக் காட்டுங்கள்.

கரியைக் கடையில் வாங்கலாம். ஆனால் ஒருமுறையாவது நீங்களே சுட்டுப் பாருங்கள். புளியங்குச்சி நல்லது; கலம்காரி போடுகிறவர்கள் துணியில் முதல் கோடு இழுக்கப் பயன்படுத்துவது புளியங்குச்சிக் கரியைத்தான். பென்சில் பருமனுள்ள காய்ந்த குச்சிகளைத் தோல் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, மூடி இறுக்கமாக உள்ள ஒரு சிறு தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை போடுங்கள். திறந்தவெளியில் விறகு அடுப்பில் வையுங்கள். ஓட்டை வழியாகப் புகை வரும். புகை முழுவதும் நின்றதும் டப்பாவை இடுக்கியால் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். நன்றாக ஆறும்வரை திறக்கக்கூடாது. என் முதல் டப்பாவை அவசரப்பட்டுச் சூட்டோடு திறந்தேன். காற்றுப் பட்டதும் குச்சிகள் கனன்று சாம்பலாகிவிட்டன. காற்று இல்லாமல் வெந்தால் கரி, காற்றோடு வெந்தால் சாம்பல், சூட்சுமம் அவ்வளவுதான்.

வரைய வழவழப்பான தாள் வேண்டாம். பழுப்புநிறப் பொட்டலத் தாளைக் கசக்கி, பிரித்து, சுவரில் ஒட்டுங்கள். அதில் விழும் மடிப்புகளைச் சிறிது நேரம் பாருங்கள். ஏதோ ஒரு மடிப்பு மாட்டின் முதுகாகத் தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள். குகைகளில் வரைந்தவர்களும் பாறையின் புடைப்பை விலங்கின் தோளாகவும் வயிறாகவும் பல இடங்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள். மணிக்கட்டை அசைக்காமல், தோளிலிருந்து கையை வீசி, நினைவிலிருந்து ஒரு மாடு வரையுங்கள். விரலால் தேயுங்கள். வெளிச்சம் வேண்டிய இடத்தில் ரொட்டியின் மென்மையான உட்பகுதியை உருட்டி ஒற்றி எடுங்கள். ரப்பர் பென்சில் எழுத்தை அழிக்கும் என்ற செய்தியே 1770 வாக்கில்தான் பரவியது. அதுவரை ஐரோப்பிய ஓவியர்களின் அழிப்பான் ரொட்டிதான்.

ஷோவே குகைக்குள் பொதுமக்களை விடுவதில்லை. நம் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றால் மத்தியப் பிரதேசத்தில் பீம்பேட்கா இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்வாலை, நீலகிரியில் கரிக்கியூர் என்று தமிழ்நாட்டிலும் பாறை ஓவியங்கள் உண்டு. போனால் தொடாதீர்கள், நிறம் தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிக்கவும் செய்யாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: நூலும் கட்டமும்

தச்சர் பலகையில் நூல் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்ணத்தில் தோய்த்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டால் பளிச்சென்று நேர்கோடு விழும். எகிப்தியர்கள் கல்லறைச் சுவர்களில் இதையேதான் செய்தார்கள். காவி தோய்த்த நூலை அடித்துக் கட்டங்கள் போட்டார்கள். நிற்கும் மனிதனுக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம்வரை 18 கட்டம். முழங்கால் 6ஆம் கட்டத்தில், தோள் 16ல். இந்தக் கணக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக மாறவில்லை. எகிப்திய உருவங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

உதவியாளர் சிவப்பில் முதல் கோடு போடுவார். தலைமை ஓவியர் வந்து கருப்பில் திருத்துவார். முடிக்காமல் விட்ட கல்லறைகளில் இந்தத் திருத்தங்கள் இன்றும் அப்படியே தெரிகின்றன. எழுத்துப் பிழைக்கு ஆசிரியர் சுழி போட்டதுபோல, 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தோளை இன்னொருவர் அரை விரல் இறக்கியிருப்பதைப் பார்க்கும்போது மனம் நெகிழ்ந்துவிடும்.

பயிற்சி: தாளில் 18 கட்டம் உயரத்துக்கு லேசாகக் கட்டம் போட்டு, எகிப்திய உருவம் ஒன்றைச் சிவப்புப் பென்சிலில் நகலெடுங்கள். ஒருநாள் கழித்து எடுத்துப் பார்த்து, கருப்பில் திருத்துங்கள். சிவப்பை அழிக்கக்கூடாது. வேலை ஓய்ந்த நேரத்தில் இதே ஓவியர்கள் சுண்ணாம்புக்கல் சில்லுகளில் இஷ்டத்துக்கு வரைந்தவையும் கிடைத்திருக்கின்றன. தைர் எல்-மதீனா என்ற அவர்களின் ஊரில் அவை ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பின்புறமாக வில்லாக வளைந்து நிற்கும் நடனப்பெண் ஒருத்தியின் சில்லு இத்தாலியில் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டத்தை விட்டு வெளியே வந்ததும் அதே கைகள் எவ்வளவு துள்ளியிருக்கின்றன என்று பாருங்கள்.

மூன்றாம் படி: தூரிகை

கிரேக்க மண்பாண்டங்களை விட்டுவிட்டு நேராகக் கிழக்கே வருகிறேன். தூரிகையால் கோடு போடும் கலை சீனாவில் வளர்ந்த அளவுக்கு வேறெங்கும் வளரவில்லை என்பதே காரணம். அவர்கள் எழுதுவதும் வரைவதும் ஒரே தூரிகையால். மை என்பது பைன் மரப் புகைக்கரியையோ எண்ணெய் விளக்குக் கரியையோ பசையில் குழைத்துக் கட்டியாக்கியது. கல்லில் தண்ணீர் விட்டு உரைத்துக்கொள்வார்கள். 13ஆம் நூற்றாண்டில் லியாங் காய் வரைந்த கவிஞர் லீ பாயின் படம் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு நீண்ட அங்கி, ஒரு முகம், சில வீச்சுகள், அவ்வளவுதான். கவிஞர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நடந்து போவது நமக்குக் கேட்கிறது.

மையை வீட்டிலேயே செய்யலாம். கண்மைக்குக் கரி பிடிப்பதுபோல விளக்கெண்ணெய்த் திரியை ஏற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். படிந்த கரியைச் சுரண்டி, கருவேலம்பிசின் கரைத்த தண்ணீரில் நன்றாகக் குழைத்தால் போதும். கூர் முனையுள்ள வட்டத் தூரிகை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தூரிகையைச் செங்குத்தாகப் பிடியுங்கள். அழுத்தினால் கோடு தடிக்கும், தூக்கினால் மெலியும். திருத்த முடியாது. ஒரு புல் இலையை ஒரே வீச்சில் போட்டுப் பழகுங்கள். 50 இலை போட்டால் ஒன்று சரியாக வரும். அந்த ஒன்று எப்படி வந்தது என்று கைக்குத் தெரிந்துவிடும்.

நம் மரபும் இந்தக் குடும்பம்தான். நேரில் பார்க்க ஒரே ஓர் இடம் சொல் என்றால் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலைச் சொல்வேன். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் புதுப்பித்த சமணக் குடைவரை. மேற்கூரையின் தாமரைக் குளத்தை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் தூண்களில் உள்ள ஆடல்மகளிரையும் பாருங்கள். வண்ணம் நிறைய உதிர்ந்துபோய்க் கோடு மிஞ்சி நிற்கிறது. காலமே அதைப் புனையா ஓவியமாக ஆக்கிவிட்டது. இடுப்பு வளைவையும் நீட்டிய கையையும் எங்கே அழுத்தி எங்கே தூக்கியிருக்கிறார்கள் என்று, தூரிகை பிடித்துப் பழகிய பிறகு போய்ப் பாருங்கள். பழகுவதற்கு முன் ஒருமுறை போய்வந்திருந்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். விஷ்ணுதர்மோத்தரம் என்ற பழைய சமஸ்கிருத நூலில் ஓவியத்தைப் பற்றிப் பேசும் சித்திரசூத்திரம், தேர்ந்த ஆசான்கள் கோட்டைத்தான் பாராட்டுவார்கள் என்கிறது. மற்றவர்களுக்கு நிழலும் அணிகலனும் வண்ணமும் பிடிக்குமாம்.

நான்காம் படி: வெள்ளி

இது பலருக்குப் புதிதாக இருக்கும். பென்சில் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் வெள்ளிக்கம்பியால் வரைந்தார்கள். வெறும் தாளில் வெள்ளி கோடு விடாது. எலும்புச் சாம்பலையோ வெள்ளை நிறப்பொடியையோ பசையில் கலந்து பூசிய தாளில் மட்டும், அந்தச் சொரசொரப்பில் வெள்ளி மிக நுண்ணிய அளவில் உரசித் தங்கும். முதலில் சாம்பல் நிறமாக இருக்கும். மாதங்கள் போகப் போக வெள்ளிப் பாத்திரம் கறுப்பதுபோலக் கறுத்து, இதமான பழுப்பாகிவிடும்.

1400 வாக்கில் சென்னினோ சென்னினி என்ற இத்தாலியர் தொழில் கற்க வருகிறவர்களுக்கு எழுதிய கைப்புத்தகத்தில், ஒரு சிறிய மரப்பலகையில் எலும்புச் சாம்பலை எச்சில் தொட்டுப் பூசி, வெள்ளி எழுத்தாணியால் வரைந்து பழகச் சொல்கிறார். தாளே கையில் கொடுக்கவில்லை பாருங்கள். பலகை என்றால் துடைத்துவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம். நம் பிள்ளைகளின் சிலேட்டுபோலத்தான்.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வெள்ளியில் வரைந்தபோது வயது 13. ஆண்டு 1484. வியன்னாவின் ஆல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் படத்தின் மேல் மூலையில், இது நான் சிறுவனாக இருந்தபோது வரைந்தது என்று பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். அங்கியின் மடிப்புகளில் பையன் எவ்வளவு பொறுமையாகக் கோடு சேர்த்திருக்கிறான் என்று கவனியுங்கள்.

செய்முறை எளிது. கெட்டியான அட்டையில் வெள்ளைப் போஸ்டர் கலரைத் தண்ணீராகக் கரைத்து, மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசிக் காயவிடுங்கள். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. பழைய வெள்ளிக் கொலுசிலோ அரைஞாணிலோ உடைந்த கம்பித் துண்டு இருந்தால் போதும். இல்லாவிட்டால் பொற்கொல்லரிடம் கேட்டால் விரல் நீளத்துக்குக் கம்பி இழுத்துத் தருவார். முனையை உப்புத்தாளில் தேய்த்து மழுங்கலாக்கி, கிளட்ச் பென்சிலில் செருகிக்கொள்ளுங்கள். முனை கூராக இருந்தால் பூச்சைக் கீறிவிடும்.

இப்போது முக்கியமான விஷயம்: அழுத்துவதில் பயன் இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஓரளவுக்கு மேல் கருக்காது. நிழல் வேண்டும் என்றால் கோட்டுக்குப் பக்கத்தில் கோடு, அதன்மேல் இன்னொரு வரிசை என்று நிதானமாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அழிக்கவும் முடியாது. என்னிடம் கற்க வருகிறவர்களில் அவசரக்காரர்களுக்கு இதை முதலில் கொடுப்பேன். மூன்றாவது நாள் அவர்கள் உட்காரும் விதமே மாறியிருக்கும். செம்பின் பளபளப்பை எதைக்கொண்டும் இவ்வளவு அழகாகக் காட்ட முடியாது.

ஐந்தாம் படி: மாசிக்காய் மை

லியனார்டோ, மைக்கேலாஞ்சலோ, ரெம்பிராண்ட் ஆகியோரின் பேனாச் சித்திரங்களைப் பார்த்தால் பல இடங்களில் மை பழுப்பாக இருக்கும். அதில் பெரும்பகுதி வரையும்போது கருப்பாக இருந்ததுதான். ஓக் மரத்தில் ஒரு சிறு குளவி முட்டையிடுவதால் திரளும் காயைப் பொடித்து ஊறவைத்து, அதில் இரும்பு உப்பைச் சேர்த்துச் செய்த மை அது. காயில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு வரும். சில நூற்றாண்டுகள் போனால் பழுப்பாக மங்கும். புளிப்புத் தன்மை அதிகமானால் தாளையே அரித்து ஓட்டை போட்டுவிடும்.

எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த செய்தி, இதற்கு வேண்டிய மூன்று பொருளும் நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கின்றன என்பதுதான். அந்த ஓக் காய் வேறொன்றுமில்லை, நம் பிள்ளைகளுக்கு உரசி நாக்கில் தடவும் மாசிக்காய். இரும்பு உப்பு என்பது அன்னபேதி. பிசின், கருவேலம்பிசின்.

30 கிராம் மாசிக்காயை உரலில் ஒன்றிரண்டாக இடித்து, 300 மில்லி தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். கண்ணாடிப் பாட்டில்தான் வேண்டும், இரும்பும் அலுமினியமும் ஆகாது. துணியில் வடிகட்டினால் தேநீர் நிறத்தில் இருக்கும். 20 கிராம் அன்னபேதியைப் போட்டுக் கலக்குங்கள். கண்ணெதிரே கருக்கும், பார்க்கக் கொள்ளை அழகு. பிறகு 10 கிராம் பிசினைப் பொடித்துக் கரைத்து, மேலும் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அன்னபேதி பச்சைக் கட்டியாக இருக்க வேண்டும். காவி படிந்திருந்தால் பழசு, வேறு கேளுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். துணியில் பட்டால் போகாது. நிப் பேனாவுக்குள் ஊற்றிவிடாதீர்கள், அரித்துவிடும்.

துணியில் கறை போகாது என்றேன் அல்லவா, அந்தக் குணத்தையே தொழிலாக்கியவர்கள் நம் கலம்காரி ஓவியர்கள். ஸ்ரீகாளஹஸ்தியிலும் கருப்பூரிலும் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்துக் காயவைத்து, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் புளிக்கவைத்த கரைசலால் கோடு இழுப்பார்கள். துவர்ப்பு துணியில் இருக்கிறது, இரும்பு பேனாவில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் கருப்பாகிறது. புளோரன்ஸின் மையும் காளஹஸ்தியின் மையும் ஒரே கணக்கில்தான் கருக்கின்றன.

பேனாவுக்கு நாணல் அல்லது மெல்லிய மூங்கில். முனையைச் சாய்வாகச் சீவி, நடுவில் சிறு பிளவு கொடுத்து, இரண்டு பக்கமும் ஒதுக்கினால் சரி. புதிதாகச் சுட்ட தோசை ஓரம்போல முனை மொறமொறவென்று உடைந்தால் நாணல் அதிகம் காய்ந்துவிட்டது. தண்ணீரில் ஊறவைத்துச் சீவுங்கள். நாணல் மையைக் கொஞ்சம்தான் பிடிக்கும். கோடு கருப்பாகத் தொடங்கி, பாதி வழியில் வறண்டு, திரிதிரியாக முடியும். ரெம்பிராண்ட் முதுமையில் போட்ட கோடுகளின் உயிர் இந்த வறட்சியில்தான் இருக்கிறது. 1888ல் வான்கோ ஆர்ல் ஊரில் போட்ட வயல்களிலும் இதே நாணல்தான். புள்ளி, சிறுகோடு, வளைகோடு என்று அவர் மாற்றி மாற்றிப் போட்டது நாணல் மை தீர்வதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பதால்தான் என்று, நாணல் பிடித்துப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது.

நகலெடுக்க இரண்டு யோசனை. ஒன்று, லியனார்டோவின் ஏதாவது ஒரு பேனாச் சித்திரம். அவர் இடக்கைக்காரர். நிழல்கோடுகள் இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சாயும். வலக்கையால் அதை நகலெடுக்கும்போது கை முரண்டுபிடிக்கும். அந்த முரண்டிலேயே அவர் கையை நீங்கள் உணர்வீர்கள். இரண்டு, ரெம்பிராண்ட் நகலெடுத்த முகலாயச் சிற்றோவியங்கள். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத அவர், ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து சேர்ந்த படங்களைப் பார்த்து ஷாஜகானையும் மற்றவர்களையும் ஜப்பானியத் தாளில் வரைந்தார். சுமார் 23 படங்கள் மிஞ்சியிருக்கின்றன. 50 வயதில், பேரும் புகழும் பெற்ற பிறகு, வேறொரு நாட்டுக் கோட்டை உட்கார்ந்து நகலெடுத்துக் கற்றிருக்கிறார் அந்த மனிதர்.

ஆறாம் படி: காவிக்கல்

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். இயற்கையான சிவப்புக் காவிக்கல்லைக் குச்சியாக அறுத்து வரைவது 1500ஐ ஒட்டி இத்தாலியில் பரவியது. தோலின் சூடு சிவப்பில் தானாகவே வந்துவிடுவதால் உடலை வரைய அதைத் தேர்ந்தார்கள். மைக்கேலாஞ்சலோ வாடிகனின் சிஸ்டீன் தேவாலயக் கூரையின் லிபியப் பெண் தீர்க்கதரிசிக்காக வரைந்த தாள் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெண்ணுக்கு மாதிரியாக நின்றது ஓர் ஆண். முதுகின் தசைகளைப் பாருங்கள். ஓரத்தில் கால் கட்டைவிரலை மட்டும் தனியாக மறுபடி வரைந்து பார்த்திருக்கிறார். கடைசியில் அவர் தன் கோட்டோவியங்கள் பலவற்றை எரித்துவிட்டார் என்பதை நினைத்தால் இருப்பதன் அருமை புரியும்.

காவிக்கல்லுக்குப் பதிலாகக் கடையில் கோண்டே என்ற பெயரில் சிவப்பு வரைகுச்சி கிடைக்கும். உங்கள் இடது கையையே வரையுங்கள்.

இந்தக் காலத்தில் பெரிய படத்தைச் சுவருக்கு மாற்ற, தாளில் கோட்டின் மேலேயே ஊசியால் துளைத்து, கரித்தூள் முடிப்பால் தட்டுவார்கள். உங்கள் தெருவில் ஆரி வேலைக் கடை இருந்தால் போய்ப் பாருங்கள். ட்ரேசிங் தாளில் துளை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்து, ரவிக்கைத் துணியில் டிசைனை இறக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஏழாம் படி: பென்சில்

எல்லோரிடமும் இருப்பது, வரலாற்றில் தாமதமாக வந்தது. இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் சுத்தமான கிராஃபைட் கட்டியாகக் கிடைத்தது. ஈயம் என்று நினைத்தார்கள். பென்சிலில் ஈயம் இருக்கிறது என்ற தவறான நம்பிக்கை அங்கிருந்து வந்ததுதான். அறுத்து மரத்தில் வைத்து விற்றார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இங்கிலாந்தோடு போர் மூண்டதும் பிரான்ஸுக்கு நல்ல கிராஃபைட் வரவில்லை. நிக்கோலா ழாக் கோண்டே மட்டமான கிராஃபைட்டைப் பொடித்து, களிமண்ணோடு பிசைந்து, சூளையில் சுட்டார். 1795ல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை. உங்கள் பென்சிலில் ஹெச்பி, 2பி, 6பி என்று போட்டிருப்பதற்குப் பின்னால் இருப்பது இந்தப் பிசைந்த களிமண் கணக்குத்தான்.

முதல்முறையாக ஒரே கருவியில் வெள்ளிபோல மெல்லிய கோடும் கரிபோலக் கருமையும் கிடைத்தன. அதோடு அழிக்கவும் முடிந்தது. பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் ரோம் நகரில் வரைந்த பென்சில் உருவப்படங்களைப் பாருங்கள்: முகத்துக்கு நுணுக்கம், மேற்சட்டைக்கு விரைந்த சில கோடுகள். எதை முடிக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஹெச்பியும் 4பியும் போதும். பெரிய பெட்டி வாங்க வேண்டாம். இந்த வாரம் அழிப்பான் இல்லாமல் வரையுங்கள். முதல் ஆறு படிகளில் கை கற்றது தானாக வந்து நிற்கும்.

எட்டாம் படி: அச்சும் திரையும்

பழைய தமிழ் வார இதழ்கள் வீட்டுப் பரணில் இருந்தால் இறக்குங்கள். படத்தை உலோகத் தகட்டில் பிளாக்காக எடுத்து அச்சடித்த காலத்தில் கோட்டுப் பிளாக்கில் கருப்பு விழும் அல்லது விழாது, நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. அதனால் கோபுலுவும் சில்பியும் நிழலைக் கோடுகளாலும் புள்ளிகளாலும் கட்டினார்கள். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகச் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லின் வழவழப்பு, காது மடலின் நிழல், மூக்கு தேய்ந்த இடம், எல்லாம் கோடு. நெருக்கம் கூடினால் இருட்டு, விலகினால் வெளிச்சம். ஒரு முகத்தை நகலெடுங்கள், ஒரு வாரம் ஆனாலும் சரி. காந்தி நூற்றாண்டையொட்டி ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கோடு நிழலுக்காக இல்லை, வேகத்துக்காக இருக்கிறது. 1850ல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியின் வழி வந்தவர்களிடம் கோட்டின் மேல் இருந்த பிடிப்பை அந்த ஒரு வரிசையிலேயே காணலாம்.

திரையில் வரைவதன் தொடக்கம் 1963. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் ஒளிப்பேனாவால் கணினித் திரையில் நேராகக் கோடு போடும் ஸ்கெட்ச்பேடை உருவாக்கினார். டேப்லெட் வைத்திருக்கிறவர்கள் அதில் 'கரி' தூரிகையைத் தேர்ந்து செம்பை வரையுங்கள். நீங்களே சுட்ட கரியால் போட்ட செம்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திரையில் விரல் கறுக்காது, தாள் எதிர்க்காது. பதிலுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போகலாம். இரண்டையும் செய்தவர்தான் இரண்டைப் பற்றியும் பேச முடியும்.

வரைந்தவற்றை வைக்கும் முறை

ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி, கருவி, தாள், மை எப்போது செய்தது என்று பென்சிலில் எழுதுங்கள். கரியும் காவியும் உதிரும். நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். மாசிக்காய் மைத் தாள்களை மற்றவற்றோடு சேர்க்காமல் தனிக் கோப்பில் போடுங்கள். வெயில் படும் சுவரில் எதையும் மாட்ட வேண்டாம். பெரிய அருங்காட்சியகங்களே தாளில் உள்ள படங்களைச் சில மாதம் காட்டிவிட்டு மறுபடி இருட்டறைக்குள் கொண்டுபோய்விடுகின்றன.

எல்லாம் முடிந்த நாளில் செம்பு வரைந்த தாள்களைத் தரையில் கால வரிசையில் பரப்பி, நடுவில் செம்பையும் வைத்துப் பாருங்கள். வெள்ளியில் வரைந்ததை மட்டும் காற்றுப் படும் அலமாரியில் வெளியே வைத்திருங்கள். ஆடியில் வரைந்தால் தையில் எடுத்துப் பாருங்கள், அதற்குள் பழுப்பேறத் தொடங்கியிருக்கும்.